வெடித்த வயலும் மீத்தேன் கணக்கும்

நெற்பயிரின்மேல் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் பெட்டிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உட்புறம் வியர்த்திருக்கும். ஆய்வை நடத்திய மேடம் குனிந்து ஊசிக்குழலால் அதனுள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவார். பிள்ளையார்பாளையத்திலிருந்து தாமலுக்கு வண்டியில் போய், அந்தக் காற்றைக் குப்பிகளில் அடைத்து எழுதிவைப்பது என் வேலை. நாட்டின் பசுங்குடில் வாயுக் கணக்கில் நிலக்கரி மின்நிலையங்களுக்கு ஒரு பக்கம், வாகனங்களுக்கு ஒரு பக்கம். வேளாண்மைப் பக்கத்தில் மாட்டோடு நெல்லும் இருக்கிறது. தண்ணீர் தேங்கிய சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்புகிறதே, அதற்காக.

“கரி எரிக்கிறவனை வுட்டுட்டு என் நெல்லு மேல பழி போடுறீங்களே,” என்றார் வயல்காரம்மா, முதல் நாளே.

“பழி இல்லம்மா. நடுவுல கொஞ்சம் காயவுட்டா எவ்ளோ குறையுதுன்னு பாக்கறோம்,” என்றார் மேடம்.

வயல்காரம்மா அரைமனதோடு ஒத்துக்கொண்டார். இரண்டு முறை காயவிட்டுப் பாய்ச்சியதில் மீத்தேன் நன்றாகவே குறைந்தது. மூன்றாம் முறை வயல் காய்ந்து கிடந்தபோது டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. மோட்டார் ஓடவில்லை. கதிர் பூக்கும் நேரம். மூன்றாம் நாள் மண் வெடித்தது. வயல்காரம்மா வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முழு விரலும் உள்ளே போனது.

மேல்வயலில் தண்ணீர் நின்றது. வரப்பை வெட்டிக்கொள்ள அந்த வயல்காரர் சம்மதித்தார். ஆனால் முந்தின நாள்தான் அவர் யூரியா போட்டிருந்தார். உரம் கலந்த தண்ணீர் வந்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு பசுங்குடில் வாயு ஏறி, அந்தப் பருவத்து அளவீடே கெட்டுவிடும்.

“இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா அளவெடுப்பு முடிஞ்சிடும் மேடம்,” என்றேன் நான்.

வயல்காரம்மா என் பக்கம் திரும்பினார். “ரெண்டு நாள்ல எல்லாம் பதராப் பூடும்மா. உனுக்கு நம்பர் கெடைக்கும். எனக்கு?”

மேடம் வயலில் இறங்கினார். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் வைத்தார். வயல்காரம்மா மண்வெட்டியைத் தூக்கி வரப்பை வெட்டினார். வந்த தண்ணீரையெல்லாம் வெடிப்புகள் குடித்துக்கொண்டே இருந்தன; வெகுநேரம் மண்ணுக்குமேல் நிற்கவே இல்லை.

பயிர் முக்கால்வாசி தப்பியது. அறிக்கையில் அந்த வயல் இல்லை. ஏன் இல்லை என்பதை மேடம் மறைக்காமல் எழுதி, மேலதிகாரியிடம் ஏச்சும் வாங்கினார். நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு அடுத்த பருவம்வரை வாய் வரவில்லை.

கேட்டபோது வயல்காரம்மா சிரிக்கவில்லை. “பொட்டிய வைங்க. ஆனா எப்போ தண்ணி வுடணும்னு நான்தான் சொல்லுவேன். நீங்க எழுதிக்கினு போங்க.”

மேடம் அதை அப்படியே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினார். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் நான் இருக்கிறேன். இன்று காலை வயல்காரம்மாவிடமிருந்து போன். “இன்னிக்கு தண்ணி வுடறேன், வா.”

ஏனென்று கேட்காமல் கிளம்பினேன்.