மணி அடித்ததும் எழுந்தவர்கள்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதைப் பெருமையாகவே சொல்வேன். காட்பாடியில் நான் படித்த கல்லூரியில், புதிய யோசனைகளைப் பத்து நிமிடத்தில் பேசும் மாநாடு ஒன்று நடந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கும் அம்மா, கூட வேலை செய்யும் அக்காக்களுடன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைச் சோதிக்க நான் செய்த கருவியைப் பற்றிப் பேசினேன். பாதியில் ஆங்கிலம் தடுமாறியது, தமிழுக்கு மாறினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். கருவியை இயக்கிக் காட்டுவதற்குள் நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

அப்போது அம்மாவும் அக்காக்களும் சட்டென்று எழுந்து பையைத் தோளில் மாட்டினார்கள். பாராட்டித்தான் எழுகிறார்கள் என்று நினைத்துப் பின்வரிசைகளும் எழுந்து கைதட்டின. நடத்தியவர், “காட்டிட்டே போம்மா” என்றார். காட்டினேன்.

வெளியே வந்ததும் அம்மா தயங்கினாள். “கம்பெனி சாப்பாட்டு மணின்னு நெனச்சு எழுந்துட்டோம்டி. உனக்கு பேஜாராயிடுச்சா?”

“உங்கம்மாவுக்கு டிபன் பாக்ஸ் ஞாபகம்” என்று ஓர் அக்கா சிரித்தாள்.

இப்போது சென்னையில் எத்தனையோ அரங்குகளில் பேசுகிறேன். அன்றைய கைதட்டல் தவறுதலாக வந்ததுதான். ஆனால் எங்கள் பெண்கள் எழுந்தால் ஓர் அரங்கமே எழும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.