சரி சாருக்குக் காது கேட்காத வாரம்

அந்தப் பள்ளியில் புவியியல் நடத்தியவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்று சொல்லிவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் சரி சார். இப்படிப்பட்ட மனிதரிடம் போய், பத்து வருடங்களாகக் கால அட்டவணை போடும் வேலையைக் கொடுத்து வைத்திருந்தார்கள். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். வேறு ஆள் என்றால் மற்றவர்களுக்கு இவ்வளவு வசதிப்பட்டிருக்காது.

அட்டவணை போடும் வாரம் வந்தால் ஆசிரியர் அறையின் மூலையில் கிடக்கும் அவர் மேசைக்குத் திடீர் மவுசு வந்துவிடும். ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் காதைக் கடிப்பார்கள். ஒருவருக்கு முதல் பீரியட் வேண்டாம். இன்னொருவருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தியது வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எட்டாம் வகுப்பு மட்டும் யாருக்குமே வேண்டாம். வீட்டுக்குப் பறக்கத் துடிக்கும் நாற்பது வாண்டுகளை அந்த நேரத்தில் கட்டி மேய்க்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? எல்லோருக்கும் சரி சொல்லி முடித்தபின் மிஞ்சும் அந்த ஒன்றைச் சரி சார் தன் தலையிலேயே கட்டிக்கொள்வார்.

இந்த வருடம் அதில் ஒரு சிக்கல். அவருடைய பத்து வயது மகள் நீச்சல் பழகிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வகுப்பு. போன வருடம் முழுக்க அவர் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பை முடித்து, பஸ் பிடித்து அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் தலையைத் துவட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். இப்போது குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிற்காமல் போகிறாளாம்.

"இந்த வருஷமாவது வாங்கப்பா. எல்லாரோட அப்பாவும் வந்து பாத்துட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கல."

அதற்கும் சரி என்றார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சரிக்கு எவ்வளவு மதிப்பு என்று அவள் பார்வையே சொன்னது.

அட்டவணை போடும் வாரத்துத் திங்கட்கிழமை பார்த்துத்தான் அவருடைய லேப்டாப் விசிறி மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் லேசாகக் கொரகொரத்தது. அப்புறம் மிக்ஸியில் கூழாங்கல்லைப் போட்டது மாதிரி ஒரே இரைச்சல். ரிப்பேர் கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி, பஞ்சு பஞ்சாகத் தூசியை எடுத்துப் போட்டார். அப்படியும் சத்தம் குறையவில்லை. விசிறியின் அச்சு தேய்ந்துவிட்டது, புதுசு வருவதற்கு நாலைந்து நாள் ஆகும் என்றார். அதுவரைக்கும் வைத்து ஓட்டலாமா என்று சரி சார் பயந்துகொண்டே கேட்டார்.

"பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைங்க சார். வேணாததெல்லாம் மூடிடுங்க. அப்பப்ப சேவ் பண்ணிக்குங்க. சத்தம் போடுற வரைக்கும் பயமில்ல, சுத்துதுன்னு அர்த்தம். சத்தம் நின்னுச்சுன்னா மட்டும் உடனே ஆஃப் பண்ணிடுங்க."

மறுநாள் ஆசிரியர் அறையில் இரண்டு சாக்பீஸ் டப்பாக்களை அடியில் கொடுத்து லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தார். மூன்று மாதமாகத் திரையில் திறந்தே கிடந்த ஜன்னல்களை எல்லாம் மூடினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். விசிறி அறையையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது.

வழக்கம்போல வேதியியல் டீச்சர்தான் முதலில் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் காதோரம் குனிந்தார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. என்ன டீச்சர் என்றார் சரி சார். மறுபடி உதடு அசைந்தது. மறுபடி என்ன என்றார். மூன்றாவது தடவை டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"காலையில என்னால எந்திரிக்க முடியல, முதல் பீரியட் போடாதீங்கன்னு சொன்னேன்."

அறையிலிருந்த பதினோரு தலைகளும் திரும்பின. டீச்சர் முகத்தில் அசடு வழிந்தது. அது கிடக்கட்டும் சார், அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார். சரி சாருக்குச் சரி என்று சொல்லக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தவர் கணக்கு ஆசிரியர். அந்த வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பிலிருந்து பத்து வருடமாக நழுவி வருபவர். இரண்டு தடவை மென்று விழுங்கினார். பிறகு, சீக்கிரம் கிளம்பினால்தான் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று உரக்கச் சொன்னார். வாசலில் தலைமை ஆசிரியை நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"எங்களுக்கும் அதே பஸ்தான் சார்," என்றார் தலைமை ஆசிரியை.

துண்டுச் சீட்டில் எழுதி நீட்டியிருக்கலாமே என்பீர்கள். எழுதிக் கொடுத்ததை நாலு பேர் படிப்பார்களே. தனியாக வராந்தாவில் மடக்கலாம் என்றால், சத்தம் எப்போது நிற்குமோ என்ற பயத்தில் மனிதர் லேப்டாப்பை விட்டு அசைவதாயில்லை. கைக்குழந்தைக்காரியான ஓவிய டீச்சர் மட்டும் வாசலில் நின்றபடியே, பதினோரு மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகணும் சார் என்று சத்தமாகச் சொன்னார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி சார் அந்தச் சரியை மனதாரச் சொன்னார்.

காதோடு கேட்க முடிகிற எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்க முடிவதில்லை என்பது புதன்கிழமை சாயங்காலம் அவருக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. கூடவே வருத்தமாகவும் இருந்தது. யாருக்கோ பஸ்ஸில் இடம் கிடைப்பதற்காகவா தன் பிள்ளை ஒரு வருடம் ஈரத்தலையோடு படிக்கட்டில் காத்திருந்தாள்?

வியாழக்கிழமை கடைக்காரர் போன் செய்தார். விசிறி வந்துவிட்டது, உடனே கொண்டு வரலாம் என்றார். சனிக்கிழமை வருகிறேனே என்றார் சரி சார். இப்படித் தள்ளிப்போடும் ஆளைக் கடைக்காரர் பார்த்ததே இல்லை. காது வலிக்கவில்லையா என்று கேட்டார். பழகிவிட்டது என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை அட்டவணை முடிந்தது. எட்டாம் வகுப்பின் அந்தக் கட்டத்தில் கணக்கு ஆசிரியரின் பெயரைப் போட்டார். இரண்டு தடவை சேவ் பண்ணிக்கொண்டார். சனிக்கிழமை புது விசிறி மாட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் அட்டவணையை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். லேப்டாப் மூச்சுக் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கு ஆசிரியர் அதற்காகவே காத்திருந்தவர்போல வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். குனிந்தார். அந்த வெள்ளிக்கிழமை பீரியடை மட்டும் எப்போதும்போல நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று காதுக்குள் சொன்னார். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பத்து வருடப் பழக்கம் லேசில் விடுமா? 'ச' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சரி சார் அதை அப்படியே விழுங்கினார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். கேக்கல."

கணக்கு ஆசிரியர் லேப்டாப்பைப் பார்த்தார். அதனிடமிருந்து சத்தமே இல்லை. சரி சாரைப் பார்த்தார். அவர் நிஜமாகவே காது கேட்காதவர்போலக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டிருந்தார். பதினோரு தலைகளும் நிமிரக் காத்திருந்தன. ஒன்றுமில்லை சார் என்று கணக்கு ஆசிரியர் நாற்காலியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சரி சார் குளத்தங்கரையில் நின்றார். மகள் அவரைப் பார்த்ததும் நீச்சல் கண்ணாடியைத் தூக்கி, அவர்தானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். பிறகு குதித்தாள். நடுவில் ஒருமுறை தடுமாறினாள், ஆனால் நிற்கவில்லை. அந்த முனையைத் தொட்டு, தண்ணீரைத் துப்பிவிட்டுத் திரும்பினாள்.

"பாத்தீங்களாப்பா?"

வாழ்நாளில் குரலை உயர்த்தியறியாத அந்த மனிதர், பயிற்சியாளரும் பத்து அப்பாக்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"பாத்தேன்!"