கலக்க மாட்டேன் என்ற டிரஸ்ஸர்

போன செவ்வாய்க்கிழமை ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றேன். நோயாளியாக அல்ல... துணைக்கு!

பரீட்சைக்கு வந்தவர் என் நண்பர் சுலைமான் பாய். பாலோ பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, மருந்து கலப்பது - பதினோரு வருஷமாக எல்லாம் அவர்தான். இப்போது பொந்தியானில் சொந்தமாக மருந்துக் கடை வைக்க ஆசை. ஆனால் விஷ மருந்துகளை அலமாரியில் வைக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் பரீட்சை பாஸாக வேண்டும். அனுபவத்தை யார் கேட்கிறார்கள்?

ஆறு மாதமாக லத்தீன் மருந்துப் பெயர்களை உருப்போட்டார். ஒப்பிக்கக் கேட்டவர் மனைவி ஜைனம்பு. பாலோ ஸ்டேஷனுக்கு எங்களை வழியனுப்ப வந்தபோதும், இவர் திணறிய ஒரு பெயரை அந்த அம்மாள் பளிச்சென்று சொன்னார்.

"பேசாம நானே போயிட்டு வரட்டுமா?"

எழுத்துப் பரீட்சை முடிந்தது. அடுத்து, மருந்து கலக்கும் பரீட்சை. ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. இங்கிலீஷில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

வெள்ளைக்கார டாக்டர் ஒரு சீட்டை நீட்டினார். பாய் படித்தார். பாட்டிலைத் தொடவில்லை.

"ஏன் நிற்கிறீர்?"

"குழந்தைக்கு ரெண்டு வயசுன்னு போட்டிருக்கு, துரை. அபினி டிங்க்சர் பெரியவங்க அளவுல இருக்கு. குடிச்சா குழந்தை தூங்கிடும்... எழுந்திரிக்காது."

"எழுதியது டாக்டர். கலப்பதுதான் உம்முடைய வேலை."

"எழுதினவரைக் கேட்காம கலக்க மாட்டேன், துரை."

"மார்க் போய்விடும்."

பாய் சீட்டை மேஜைமேல் வைத்தார். "போகட்டும், துரை."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு அண்ணே. ஜைனம்பு முகத்துல எப்படி முழிப்பேன்?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் கழித்து டாக்டரே வந்து கை நீட்டினார். "வேண்டுமென்றுதான் அப்படி எழுதினேன். காலையிலிருந்து நாலு பேர் மறுபேச்சில்லாமல் கலந்து கொடுத்தார்கள். நீர் பாஸ்!"

"அலமாக்!" என்று மலாயில் வியந்தார் பாய். டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது.

மருந்து கலக்கப் படிப்பு வேண்டும், சரி. பெரிய மனிதர் எழுதியதைக் கலக்க மறுப்பதற்கு? அதை எந்தப் புத்தகத்தில் படிப்பது? லைசென்ஸ் உண்மையில் அதற்குத்தான் போலிருக்கிறது!

திரும்பும் ரயிலில் எனக்கு லேசாக இருமல். "பாய், பெட்டியில ஏதாச்சும் இருமல் மருந்து...?"

"டாக்டர் சீட்டு இருக்கா அண்ணே?"

லைசென்ஸ் இன்னும் கைக்கே வரவில்லை, பாருங்கள்!