தண்ணிக்கிழங்கின் பூ

நான் வாயைத் திறந்தாலே புளுகுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்த காலம் அது. மயிலைப் பார்த்தேன் என்றால் கோழியாக இருக்கும் என்பார்கள். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, கம்பெனிக்காரர்கள் வேலி போடத் தொடங்கியிருந்த புதர்க்காட்டுக்கு அம்மாவோடும் சித்தப்பாவோடும் சுள்ளி பொறுக்கப் போன அன்றுதான் அந்தப் பூ என் கண்ணில் பட்டது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். அடிப்பக்கம் குட்டிக் குடம்போல உப்பி, மேலே ஊதாக் கம்பிகள் கூண்டாகச் சேர்ந்திருந்தன. உள்ளே ஓர் ஈ மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

இலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தண்ணிக்கிழங்குக் கொடி! எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாத பிள்ளையே கிடையாது. மழை விட்டு இலை தலைகாட்டியதும் தோண்டி, பாவாடையில் துடைத்துப் பச்சையாகவே தின்றுவிடுவோம். பெரியவர்களும் அப்படித்தான். "தண்ணிக்கிழங்கு பூத்திருக்குது!" என்று கத்தினேன்.

சித்தப்பா காட்டு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர். "தண்ணிக்கிழங்கு பூவே பூக்காதுடி. எங்க நைனா காலத்துலேர்ந்து துன்னுக்கினு வர்றோம், எவன் பூவைப் பாத்தான்? இது இன்னாவோ விஷக்கொடி, கைய வெக்காத" என்றார். அம்மா, "ஆரம்பிச்சுட்டா" என்று சிரித்தாள்.

எனக்கு அழுகை முட்டியது. இதையும் விட்டுவிட்டால் ஆயுசுக்கும் நான் புளுகுணிதான். ஒரு குச்சியால் கொடியின் அடியைக் கிளறி, கொட்டைப்பாக்கு அளவு கிழங்கை எடுத்து, மண்ணோடு பாதியைக் கடித்துவிட்டேன். "ஐயோ, துப்புடி" என்று அம்மா ஓடிவந்து தாடையைப் பிடித்தாள். முதலில் லேசாகக் கசந்தது. பிறகு பல்லிடுக்கில் தண்ணீர் ஊறியது பாருங்கள், அந்தத் தித்திப்பை இன்றுவரை வேறெதிலும் கண்டதில்லை.

மீதியைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். மோந்து பார்த்து, நுனிப்பல்லால் கடித்து, நிதானமாக மென்றார்.

"தண்ணிக்கிழங்குதான் அண்ணி. பொண்ணு சொன்னது நெசம்."

அந்தப் பூவை அவரே கிள்ளி என் காதோரம் செருகி, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, நான் கண்டுபிடித்ததைச் சொன்னார். மகாராணி யானைமேல் வந்தால்கூட அவ்வளவு கர்வமாக உட்கார்ந்திருக்கமாட்டாள்.

கிளம்புவதற்கு முன், அந்தச் சந்தோஷத்தில் அக்கம்பக்கத்துக் கொடிகளையும் ஒன்று விடாமல் தோண்டியிருந்தோம். ஆளுக்கொன்றாகத் தின்றுகொண்டே வரும்போது அம்மா கேட்டாள்: "இத்தினி வருசமா இந்தப் பூவு ஏன் யாரு கண்ணுலயும் படல?"

நான் இன்னும் பூக்காத ஒரு கொடியின் கிழங்கைப் பாவாடையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டேன்.