தலையாட்டாத யோகலட்சுமி

"செல்போன் டவர் வச்சாம்லா, அன்னையோட போச்சு மழை" என்கிறார் கொம்பையா. சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் யோகலட்சுமியின் முகத்தைப் பார்க்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு ‘ஆமா’ கிடையாது, ‘அப்படியா’ கிடையாது, ‘ம்’ கூடக் கிடையாது. கழுத்து அடித்து வைத்த முளைக்கம்பு மாதிரி நிற்கிறது. அவர் சொன்னதைச் சொன்னபடியே கையிலிருக்கும் டேப்லெட்டில் தட்டி எழுதி முடிக்கிறாள். கேள்விகள் எல்லாம் தீர்ந்து டேப்பை மூடிப் பைக்குள் வைத்த பிறகுதான் தன் சொந்தக் கேள்வியைக் கேட்கிறாள்: "அதுனாலதான்னு எப்படிச் சொல்லுதீங்க அண்ணாச்சி? டவர் இல்லாத ஊர்ல மழை பெஞ்சுதா?"

டவர் இல்லாத ஊர் ஒன்றும் கொம்பையாவுக்கு ஞாபகம் வரவில்லை. "நீ வக்கீலுக்குல்லா படிச்சிருக்கணும்" என்று எழுந்து மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

யோகலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டு புதூர் வட்டாரத்து ஊர்களுக்குப் போய், வீடு வீடாக ஏறிக் கேள்வி கேட்பது பன்னிரண்டு வருடமாக அவளுடைய பிழைப்பு. நாம் தலையாட்டினால் எதிரே இருப்பவர் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று பயிற்சியில் சொன்னார்கள். மற்றவர்கள் அதைப் பயிற்சியோடு விட்டார்கள். இவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகினாள். இப்போது வீட்டிலும் தலை ஆடுவதில்லை. கணவன் ஹரிகிருஷ்ணன் மணியாச்சி ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன். "சிக்னல் கம்பத்துக்கிட்டப் பேசினாக்கூட அது பச்சை காட்டும். இவகிட்ட அதுவும் கெடையாது" என்பது அவர் புலம்பல்.

குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போவாள். கேட்கப் போன வீட்டில் கடுங்காப்பி கொடுத்தால் கடைசிக் கேள்வி முடிகிற வரை தொடமாட்டாள். குடித்துவிட்டால் முகத்தில் நன்றி வந்துவிடுமாம். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுவாள். அவளிடம் நீலஅட்டை நோட்டு ஒன்று உண்டு. எந்தத் தேதியில் விதைத்தீர்கள் என்றால் யாருக்கும் தெரியாது. புதூர் ரோட்டில் பருத்தி லாரி கவிழ்ந்ததற்கு மறுநாளா என்றால் சட்டென்று தெரியும். அமாவாசை, கோயில் கொடை, லாரி கவிழ்ந்தது, கரண்டு இரண்டு நாள் போனது எல்லாம் தேதியோடு அந்த நோட்டில் இருக்கின்றன. அதை வைத்துத்தான் நாளைப் பிடிப்பாள்.

இப்போது நடப்பது மழைச் சேதிக் கணக்கு. சென்னையிலிருக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் நாற்பது ஊர்களை எடுத்தார்கள். அதில் இருபது ஊர்க்காரர்களுக்குத் தினமும் காலை ஆறு மணிக்குப் போன் வரும். இத்தனை நாளைக்குள் மழை உண்டு, விதைக்கலாம் என்றோ மழை இல்லை, பொறுங்கள் என்றோ ஒரு குரல் சொல்லும். மீதி இருபது ஊருக்கு எதுவும் வராது. இரண்டு வருடம் கழித்து இரண்டு பக்கத்து விளைச்சலையும் வைத்துப் பார்ப்பார்கள். சேதியால் நல்லது நடந்திருக்கிறது என்று தெரிந்தால் மாவட்டம் முழுக்கப் போன் வரும். வித்தியாசம் தெரியாவிட்டால் இருக்கிற போனும் நின்றுவிடும். யோகலட்சுமி இவற்றுக்குத் தன் வசதிக்குப் பெயர் வைத்திருக்கிறாள்: சேதி ஊர், சும்மா ஊர்.

எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதைச் சென்னையிலேயே கம்ப்யூட்டரில் குலுக்கிவிடத்தான் நினைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் திருவுளச்சீட்டு போடுகிற மாதிரி எங்கள் கண் முன்னால் போடுங்கள் என்றார்கள். அப்படியே பித்தளைக் குடத்தில் நாற்பது சீட்டு போட்டுக் குலுக்கினார்கள். குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யோகலட்சுமிதான். அதனால் சும்மா ஊர்க்காரர்களுக்கு ஆராய்ச்சிக்காரர்கள்மேல் வருத்தமில்லை. குடம் பிடித்தவள்மேல் கொஞ்சம் உண்டு.

இந்தப் பாதிக்குப் பாதி விஷயம் அவளுக்குப் புதிதல்ல. அவள் பிறந்தது செம்மறி மேய்க்கிற குடும்பம். சின்ன வயதில் ஆடுகளுக்குச் சீக்கு வந்தபோது அவள் அப்பா ஏதோ பட்டையை இடித்துக் கசாயம் போட்டு மந்தை முழுக்கப் புகட்டினார். சீக்கு நின்றது. அந்த வாரம்தான் அடைமழையும் விட்டு வெயில் அடித்தது. "கசாயத்துலயா நின்னுச்சு, வெயில்லயா? பாதி ஆட்டுக்குக் குடுக்காம விட்டுருந்தா தெரிஞ்சிருக்கும்லா" என்று கேட்டாள். "எந்தப் பாதியைட்டி சாகவிடச் சொல்லுத?" என்றார் அப்பா. பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் அவள் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள்.

சேதி ஊரில் சொன்னது சும்மா ஊருக்குப் போய்விடக் கூடாது. போனால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், கணக்கு கெட்டுவிடும். அதற்காக இரண்டுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டராவது இருக்கிற மாதிரிதான் ஊர்களையே எடுத்திருந்தார்கள். வேலை பார்ப்பவர்களிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்: என் மூலமாகவோ என் குடும்பத்தார் மூலமாகவோ சேதி வெளியே போகாது. இதற்கு முன்னால் வேறொரு கணக்கெடுப்பில் ஓட்டப்பிடாரத்துப் பெண் ஒருத்தி பக்கத்து வீட்டில் விஷயத்தை உளறி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அனுப்பியவர் அதிகாரி செண்பகராஜ். நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதி. யோகலட்சுமியின் மகள் பானு திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் நின்றுவிடும்.

புரட்டாசி பிறந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு தூறல் போட்டது. மண் மேலாக நனைந்தது. கரிசல் காட்டுக்காரனுக்கு அந்த வாசனை பட்டால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. இரண்டு நாள் கழித்துக் காலை ஆறு மணிக்கு யோகலட்சுமியின் போன் ஒலித்தது; சரிபார்க்க அவளுக்கும் சேதி வரும். ‘அடுத்த பன்னிரண்டு நாட்களுக்கு மழை இல்லை. விதைப்பைத் தள்ளிப் போடுங்கள்.’ அன்றைக்கு அவள் போகவேண்டிய ஊர் பெரியஓடைப்பட்டி. சும்மா ஊர்.

அங்கே வெயிலம்மாள் வாசலில் உளுந்தைப் புடைத்து ஓலைப்பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். கணவன் திருப்பூரில். மூன்று ஏக்கர் மானாவாரியை அவள்தான் பார்க்கிறாள். போன வருடம் விளைந்ததில் வாயைக் கட்டி எடுத்து வைத்த விதை அது. அதைவிட்டால் வேறு விதை இல்லை.

"நாளைக்கு டிராக்டர் வருது தாயி. ஈரம் காயுததுக்கு முன்ன போட்டுரணும்" என்றாள். யோகலட்சுமி வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்தாள். காப்பியைக் கையில் எடுத்தபோது வெயிலம்மாள் கேட்டாள்: "ஊரு ஊராப் போறியே, நாலு பேரு பேசுதது ஒங் காதுல விழும்லா. மழை உண்டுமா?"

யோகலட்சுமி தலையை ஒருமுறை இடமும் வலமும் ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

"தெரியலக்கா" என்றாள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் காப்பியை மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஹரிகிருஷ்ணனிடம் சொன்னாள். "சொல்லித்தான் தொலைச்சா என்ன?" என்றார் அவர்.

"அந்தச் சேதி சரின்னு எப்படித் தெரியும்? பொறுக்கச் சொல்லி, நாளைக்கே மழை ஊத்திட்டா? அதைத் தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவும்."

"தெரியாதுன்னா நீ ஏன் சாப்பிடாம இருக்க?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள்.

பன்னிரண்டு நாளும் வானம் துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. யோகலட்சுமி தினமும் எழுந்ததும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பாள். சேதி பொய்யாகட்டும், நாசமாய்ப் போகட்டும், ஒரு மழை பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கணக்கெடுக்கிறவள் வேண்டிக்கொள்ளக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். பதினைந்தாம் நாள்தான் மழை வந்தது. ஓடை பெருகுகிற மழை.

ஐப்பசியில் அடுத்த சுற்றுக்குப் பெரியஓடைப்பட்டிக்குப் போனாள். வழியில் இரண்டு பக்கமும் புஞ்சைகள். அரை ஈரத்தில் முளைத்துக் கருகின பயிர் சில காடுகளில் மழைக்குப் பிறகு அழுகிக் கிடந்தது. ஸ்கூட்டரை மெதுவாக்கினாள். வெயிலம்மாளின் காடு எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். புளியமரம் தாண்டி மூன்றாவது. அதைப் பார்க்காமல் நேரே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பார்த்தாள்.

பச்சை. நாலு விரற்கடை உயரத்துக்கு, சால் சாலாக உளுந்து. ரோட்டோரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில் வந்த அழுகைதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பும்போதுதான், அவளுக்கே உரிய அந்தக் கேள்வி எழுந்தது. டிராக்டர் சொல்லியிருந்தாளே, பின்னே ஏன் விதைக்கவில்லை?

வெயிலம்மாள் வீட்டு நடையில் உட்கார்ந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். முப்பத்தேழாவது கேள்வி: விதைக்கிற நாளை எப்படி முடிவு செய்தீர்கள்?

"ஆட்டுக் கிடை போட வந்தவிய சொன்னாவ" என்றாள் வெயிலம்மாள். "பன்னெண்டு நாளு மழை இல்ல, பொறுங்கன்னு. தெரு முழுக்கச் சொன்னாவ. கேட்டவன் பொழைச்சான், கேக்காதவன் விதை போச்சு."

"கிடைக்காரவுக யாருக்கா?"

"என்ன தாயி, தெரியாத மாதிரி கேக்குத? ஒங்கண்ணன் மாயகிருஷ்ணன்தான். ஓடைக்கு அங்கிட்டு சாமித்துரை புஞ்சைல ஆட்டை மறிச்சிருந்தாவ. மறுநா காலையிலயும் போன் சத்தமாப் பேசுது, நாங்கள்லாம் நின்னு கேட்டோம். டேப்பு வச்சு எழுதுத பிள்ளை எந்தங்கச்சிதாம்னு சொன்னாவ, பெருமையா."

மாயகிருஷ்ணன் வீடு இருக்கிற ஊர் சேதி ஊர். அவர் ஆடுகள் ஊரில் இருப்பதில்லை. விதைப்புக்கு முன்னால் புஞ்சைக்கு உரமாகட்டும் என்று கூப்பிடுகிற ஊருக்கெல்லாம் மந்தையை ஓட்டிப்போய்க் கிடை மறிப்பார். அவர் மட்டுமல்ல, புதூர் பக்கத்துக் கிடைக்காரர் அத்தனை பேரும் அப்படித்தான். ஆறு மணிக்குச் சேதி கேட்ட போன் பத்து மணிக்குள் இரண்டு சும்மா ஊர்களைத் தாண்டியிருக்கும்.

ஊர்களை எடுப்பதற்கு முன்னால் நடந்த கூட்டத்தில் ஐந்து கிலோமீட்டர் போதுமா என்று கேட்டார்கள். சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. செண்பகராஜுக்குத் தெரியாது. அந்த அறையில் தெரிந்தவள் ஒருத்திதான். பத்து வயதில் பழைய சோற்றைக் குடித்துவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் எட்டு மைல் நடந்தவள். கிடை அவளுக்கு வீட்டு விஷயம். அதை யாரும் ஆராய்ச்சியில் சேர்ப்பார்கள் என்று அவள் புத்திக்கு எட்டவில்லை. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் போதும் என்று தலையாட்டினாள்.

அண்ணன்மேல் கோபம் வந்தது. தான் பதினைந்து நாள் சோறு இறங்காமல் காத்ததை அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கோபத்துக்கு அடியில் பொறாமையும் இருந்தது. அவளுக்கு அது தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

எழுதினால் சாயங்காலத்துக்குள் செண்பகராஜ் பார்த்துவிடுவார். குடும்பத்தார் மூலமாக என்ற வரியின் கீழே அவள் கையெழுத்து இருக்கிறது. தங்கைதான் சொல்லிக் கொடுத்தாள் என்பார்கள். இல்லை என்று எப்படிக் காட்டுவாள்? எழுதாவிட்டால் சும்மா ஊரிலும் பாதிப்பேர் சரியான நாளில் விதைத்ததாகக் கணக்கு நிற்கும். வித்தியாசம் ஒன்றும் தெரியாது. சேதியால் பிரயோஜனமில்லை என்று சென்னையில் முடிவு கட்டுவார்கள். ஆறு மணிப் போன் எந்த ஊரிலும் அடிக்காது. இந்த உளுந்து நிற்பதே அந்தப் போனால்தான் என்பதும் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

விரல் டேப்பின்மேல் நின்றது. வெயிலம்மாள் காட்டையும் மழையையும் பார்த்தே பழகினவள். எதிரே இருக்கிறவளின் விரலைப் பார்க்கத் தெரியாதா?

"ஏ தாயி" என்று குரலைத் தாழ்த்தினாள். "இதைச் சொன்னது ஒனக்கு ஆகாதா? வேலைக்கு ஏதும் வருமா? அப்படின்னா அதை விடு. நானே வானத்தைப் பாத்து முடிவு பண்ணுனேன்னு போட்டுக்க. யாரு வந்து கேட்டாலும் அதையே சொல்லுதேன். சரின்னு ஒரு தலையாட்டு, போதும்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யோகலட்சுமியின் தலை அசையவில்லை. மாயகிருஷ்ணன் என்று முழுப்பெயரையும் எழுதினாள். உறவு என்று தனியாக ஓர் இடம் இல்லாததால் பக்கத்திலேயே, கேட்பவளின் உடன்பிறந்த அண்ணன் என்று சேர்த்தாள். பிறகு பையிலிருந்து நீலஅட்டை நோட்டை எடுத்து மடியில் பிரித்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் வந்து சொன்னது அமாவாசைக்கு முன்னயா, பின்னயாக்கா?"