எனக்கு முன்னால் புறப்பட்ட பெட்டி

அந்த ஆண்டு மட்டும் இலங்கை தென்கிழக்காசியாவில் இருந்தது. நான் சொல்லவில்லை, எனக்கு வந்த மின்னஞ்சல் சொன்னது. தென்கிழக்காசிய இளம் தலைவர்களை ஐந்து வாரத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போய், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, தலைமைத்துவம் படிப்பித்து அனுப்பும் புலமைப்பரிசில் அது. யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வரமுடியாது என்றுவிட, அந்தக் காலி இடத்தை அண்டை நாடுகளுக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். கண்டியில், மஹய்யாவவில் இருந்துகொண்டு நானும் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

நான் தலைவியா என்று கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு குழாய். காலையில் யார் முதலில் குடம் வைப்பது என்று நடக்கிற சண்டை தாங்காமல், ஒருநாள் கொப்பித் தாளில் வீட்டுக்கு வீடு நேரம் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குழாய்க்கு மேலே கட்டினேன். என் வாழ்நாள் தலைமை அவ்வளவுதான். விண்ணப்பத்தில் வேறு எதை எழுதுவது? அதைத்தான் எழுதினேன். சமூகமட்ட நீர் முகாமைத்துவம் என்று பாராட்டிப் பதில் போட்டார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நமக்கு விடிய நாலே முக்கால்னு எழுதி வச்சியே, அதுக்கா பரிசு?" என்றார்.

அம்மா மாநகர சபையில் தெரு கூட்டும் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் போகிறேன் என்றதும் அவர் அழவுமில்லை, ஆடவுமில்லை. நேரே கோயிலுக்குப் போய் நாள் பார்த்துக்கொண்டு வந்தார். விமானம் ஏறும் நாள் எனக்குச் சந்திராஷ்டமமாம். விமானத்தை மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அப்படியானால் பரஸ்தானம் வைத்துவிடுவோம் என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் நம்முடைய பொருள் ஒன்றை வீட்டைவிட்டு வெளியே எடுத்து, போகும் திசையில் வேறொரு இடத்தில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்த பொருள் மட்டும் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பயணம் கெட்டது. மற்றவர்கள் ஒரு துணியையோ தேங்காயையோ வைப்பார்கள். அம்மாவுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. முழுப் பெட்டியையும் கட்டினார். அந்த வாரத்தை விட்டால் பிறகு நல்ல நேரமே இல்லை என்பதால், பயணத்துக்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்பே பெட்டி புறப்பட்டது. கீழே மெயின் ரோட்டில், கொழும்புப் பக்கமாகப் பார்த்திருக்கும் துணிக்கடையில் போய் உட்கார்ந்தது. கடைக்காரர் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பெட்டிய இங்க வைங்க. எண்ட காவல்ல ஈக்கட்டும்" என்று தானே தூக்கி உள்ளே வைத்தார்.

மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம், தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. விசா நேர்முகம், நாளை காலை பதினொரு மணி, கொழும்பு, கடவுச்சீட்டுடன் வரவும். வராவிட்டால் அடுத்த தவணை மூன்று வாரம் கழித்து. அதற்குள் வகுப்பே தொடங்கிவிடும், என் இடம் வேறு யாருக்காவது போய்விடும். அலுமாரியைத் திறந்தேன். கடவுச்சீட்டு இல்லை.

"பெட்டில வச்சிட்டேனே" என்றார் அம்மா, சோறு வடித்துக்கொண்டே. "முக்கியமான சாமான் உள்ள இல்லாட்டி அது என்னா பரஸ்தானம்?"

"விசா எடுக்க வேணாமாம்மா?"

"அதெல்லாம் ஏஜென்சிக்காரன் எடுத்துத் தருவான்ல?"

எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் எல்லாரும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்கு விசா எடுத்துக் கொடுத்தது ஏஜென்சி. அம்மாவைக் குறைசொல்லி என்ன பயன்? ஆனாலும் குறை சொன்னேன், கீழே கடைக்குப் போய்ச் சேரும்வரை விடாமல் சொன்னேன்.

கடை பூட்டியிருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால், நானா நாவலப்பிட்டியில் தங்கச்சி மகளின் கல்யாணத்தில் இருந்தார். பூட்டின் திறப்பும் அவரிடம்தான். குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்து, மலை வளைவெல்லாம் ஆடி ஆடி, கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். திறப்பை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்று நான் நினைத்தது எவ்வளவு மடத்தனம்! கல்யாண வீட்டுக்கு வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்புகிற நானா இன்னும் பிறக்கவில்லை.

"தொறப்பு எங்கயும் ஓடாது. கோழிதான், பயப்படாமத் திண்டுட்டுப் போங்க" என்று பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டார்.

ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து உண்ணும் சஹன் சாப்பாடு. எங்களோடு சேர்ந்த நான்கு பெண்களுக்கும் அம்மா என் பயணத்தை விளக்கினார். "புள்ள தென்கிழக்காசியாவுக்குப் போகுது" என்றார். "அல்லா, அவ்வளவு தூரமா!" என்று ஒருவர் கறித்துண்டை என் பக்கம் தள்ளிவைத்தார். நான் போகும் நாடு தென்கிழக்காசியாவிலேயே இல்லை என்பதை விளக்க எனக்குத் தெம்பில்லை, வாய் நிறையச் சோறு வேறு.

பொழுது சாய்வதற்குள் கண்டிக்குத் திரும்பிக் கடையைத் திறந்தோம். பெட்டி புதுச் சேலைகளுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் சிப்பை இழுக்கக் கைவைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"இங்க தொறந்து சாமான எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனா, பயணம் திரும்பி வந்த மாதிரி ஆயிரும்."

"அப்ப பாஸ்போர்ட்?"

அம்மா பெட்டியின் பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "பெட்டி கொழும்புக்கு வரட்டும். அங்க தொறந்தா திரும்புனதா ஆகாது. முன்னுக்குப் போனதாத்தான் ஆகும்."

ஐந்து வாரத்தில் எந்தப் பேராசிரியரும் எனக்கு இதைவிடச் சுத்தமான தர்க்கம் சொல்லித் தரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் நான், அம்மா, பெட்டி. மூவருக்கும் இருக்கை எடுத்தோம், பெட்டிக்கு ஜன்னல் ஓரம். தூதரக வாசலுக்குப் போனபோது பத்தரை. கைப்பைகூட உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார் காவலாளி. நடைபாதையில் வைத்துப் பெட்டியைத் திறந்தோம். அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைகள், கம்பளி, கருவாடு, வேப்பிலை வைத்த துணிமுடிச்சு, எல்லாவற்றுக்கும் அடியில் மிளகாய்த்தூள் பொதி, அதற்கும் அடியில் கடவுச்சீட்டு. பொதி லேசாகப் பிய்ந்திருந்தது. கடவுச்சீட்டை உதறி, விண்ணப்பக் கோப்போடு உள்ளே ஓடினேன். அம்மா பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கடவுச்சீட்டைத் திறந்து மூன்று முறை தும்மினார். மன்னிப்புக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் தென்கிழக்காசியரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்த வருடம் மட்டும்" என்றேன்.

"பயணப் பெட்டியோடு வந்திருப்பதாக வாசலிலிருந்து சொல்கிறார்கள். இன்னும் விசாவே கொடுக்கவில்லையே, அதற்குள் புறப்பட்டுவிட்டீர்களா?"

"பெட்டி மட்டும் புறப்பட்டுவிட்டது, ஐயா. நான் இன்னும் இல்லை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சந்திராஷ்டமத்தை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றது உட்பட. வீடு உண்டா, காணி உண்டா, வங்கியில் ஏதாவது உண்டா, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். எதுவும் இல்லை. ஒரு வெள்ளைத்தாளைத் தந்து, கட்டாயம் திரும்புவேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். எழுதினேன். வாசித்தார், இன்னொரு முறை தும்மினார், விசா தருவதாகச் சொன்னார். கால் தரையில் படாமல் வெளியே வந்தேன்.

அம்மா அதே பெட்டிமேல் இருந்தார். அங்கே உட்காரக்கூடாது என்று முதலில் சிங்களத்தில் விரட்டிய காவலாளியே பிறகு ஒரு குடையைக் கொடுத்திருந்தார்.

"கெடச்சிருச்சும்மா!"

"கெடச்சிருச்சா" என்றார். எழும்பவில்லை.

"என்னம்மா, சந்தோசமில்லையா?"

"நீ உள்ள போனதுலேருந்து, கெடைக்கக்கூடாதுன்னுதான் சாமியக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் நடைபாதை என்றும் பார்க்காமல் கத்தினேன். நாள் பார்த்ததும் இவர், பெட்டி கட்டியதும் இவர், நாவலப்பிட்டிவரை என்னோடு இழுபட்டதும் இவர். "பின்ன எதுக்கும்மா இவ்வளவும் செஞ்சீங்க?"

"நீ போறது நல்லபடியாப் போகணும்ல. அது வேற."

"அப்ப இது?"

"இது வேற." குடையைச் சுருக்கினார். "போனா வந்துருவியா?"

இத்தனை நாளில் ஒருமுறைகூட அவர் இதைக் கேட்டதில்லை. என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

"அஞ்சு வாரந்தானேம்மா. கட்டாயம் வருவேன்னு உள்ள எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"அவங்களுக்கு எழுதிக் குடுத்தியா?"

"ஆமா."

"எனக்கும் எழுதிக் குடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காவலாளியிடம் பேனா வாங்கி, விண்ணப்பக் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினேன். அம்மா எழுந்து இடம் விட்டார். பெட்டிமேல் தாளை வைத்து, ஐந்து வாரத்தில் அம்மாவிடம் திரும்பி வருவேன் என்று தமிழில் எழுதினேன். பெட்டி மேடுபள்ளமாக இருந்ததால் எழுத்து கோணலாக விழுந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதடு அசைய வாசித்தார். கீழே கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார்.

"திகதி போடல" என்றார்.