விரதமும் மாம்பழ வேப்பும்

பள்ளிப் படிப்போடு நின்றவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். தைப்பூச விரதத்துக்காக இருபது வருட சிகரெட்டை விட்டேன். மாம்பழ வாசனை வேப்பை, அந்த மின்சிகரெட்டை மட்டும் குளியலறையில் ஒளிந்து இழுத்தேன். ஆவிதானே, விரதம் கெடாது என்று நினைத்தேன். சிறுநீரில் ரத்தம் வந்ததும் மனைவி என்னை இங்கே மலேசியாவில், கிள்ளானில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

"அங்கிள், சிகரெட் பிடிப்பீங்களா?"

"விரதத்துல இருக்கேன் லா, டாக்டர்."

"அப்போ பாத்ரூம்ல எப்படி தினமும் மாம்பழம் பழுக்குது?" என்றாள் மனைவி.

டாக்டர் சிரிப்பை அடக்கினார். "பழைய சிகரெட்டே ஆபத்து அங்கிள். வேப்ல இருக்கற நிக்கோட்டினும் மூத்திரப்பையிலதான் வந்து தேங்கும். அங்க செல் வளர்றத அது தூண்டி, புற்றுநோய்க்கு வழி விடலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சந்தேகப்படறாங்க. இன்னும் உறுதியில்ல. மூத்திரப்பைக்குள்ள சின்ன கேமரா விட்டுப் பாத்துடலாம்."

சட்டைப்பையிலிருந்த வேப்பை மனைவியிடம் கொடுத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். சிறிய கட்டி ஒன்று இருந்தது, எடுத்துவிட்டார்கள்; புற்றா என்று பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.